கால் லிட்டர் கப்பு

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ நம் ஐந்தாம் வகுப்புப் படத்தைத் தேடியெடுத்துப் போட்டீர்கள். நல்ல காரியம். நமக்கெல்லாம் முப்பது நெருங்குகிறது, பாதிப் பேருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. அந்தப் படத்தில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வழிய வழிய முடி இருக்கிறது. பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஒருவன், 'ரெண்டாவது வரிசை, நாலாவது ஆளு, நம்ம கடைக்கப்பு' என்று எழுதினான். அதற்குக் கீழே பதினொரு சிரிப்பு முகங்கள்.

எனக்கு வேலை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், வண்டிக்குக் கடன் தவணை இருக்கிறது. உங்களுக்கு மட்டும் நான் இன்னும் கடைக்கப்பு. சரி, அழைத்துவிட்டுப் போங்கள் என்று பதினேழு பதினெட்டு வருடம் விட்டாயிற்று. விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். குழுவில் நம் சாரும் இருக்கிறார், தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுகிறார் என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த வருடம் நம் வகுப்பு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? பெஞ்சுகளை எல்லாம் பின் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டு, நம்மைப் பாயில் வட்டமாக உட்கார வைத்தார்கள். புதிய கல்வி முறை. ஆறு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். பாடத்தைச் சார் சொல்லித்தர மாட்டார், நாமே படித்து, நாமே பேசி, நடுவில் ஒரு வட்டம் போட்டு அதிலிருந்து கிளை கிளையாக இழுத்து மன வரைபடம் வரைய வேண்டும். எந்தப் பாடமானாலும் கடைசியில் ஒரு சிலந்தி போலத்தான் வந்து நிற்கும். ஸ்கெட்ச் பேனாவின் அந்த இனிப்பு வாசனையும் பக்கத்து அறையிலிருந்து வரும் சத்துணவு சாம்பார் வாசனையும் கலந்து பதினொரு மணிக்கே வயிறு கத்தும்.

சார் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கெட்டவர் என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். பஸ் தாமதமானால் ஜங்ஷனிலிருந்து ஓடியே வருவார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். தன் காசில் சார்ட் அட்டை வாங்கி வருவார். அவருக்கு இருந்த ஒரே கோளாறு, அச்சில் வந்த எதையும் நம்புவார். அச்சில் வராத எதையும் நம்பமாட்டார்.

'நம் ஊர்த் தொழில்' என்று ஒரு மன வரைபடம் வரைந்தோமே, அது கூடவா மறந்துவிட்டது? நடுவட்டத்தில் பீங்கான். கிளைகளில் அகல் விளக்கு, பொம்மை, கரண்டுக்கான ஃப்யூஸ் கேரியர், எந்தெந்த ஊருக்கு லாரி போகிறது, எல்லாம் எழுதினோம். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ செராமிக் கம்பெனியில்தான் வேலை. என் அம்மா அச்சிலிருந்து எடுத்த பொருளின் ஓரத்து மடிப்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவாள். சுடுவதற்கு முன் அதற்குப் பெயர் பச்சை. 'இன்னிக்கி நூத்தம்பது பச்ச தொடச்சன்' என்றபடி அவள் வீட்டுக்குள் வந்தால் புருவத்தில்கூட வெள்ளைத் தூசி இருக்கும். அந்தச் சார்ட்டில் நாம் இருபத்திரண்டு கிளை போட்டோம். எண்ணிப் பார்த்துச் சார் கை தட்டினார். வீட்டில் தினமும் கேட்கிற ஒரு விஷயத்தை மட்டும் நம்மில் ஒருவரும் எழுதவில்லை. அது பாடம் என்று யாருக்குத் தெரியும்?

விஷயத்துக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து கணக்கில் கொள்ளளவு வந்தது. ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர். சார் சொன்னார்:

"ஆளுக்கொரு கால் லிட்டர் கப்பு செஞ்சிட்டு வரணும். தகரம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. மண்ணுல கையால செய்யணும். நாலு தடவ மொண்டு ஊத்துனா இந்த ஒரு லிட்டர் பாட்டில் கழுத்துக் கோடு வரைக்கும் நிரம்பணும். ஆய்வுக்கு அதிகாரி அம்மா வராங்க. நல்லா செஞ்சவங்கள்ல ரெண்டு பேர அவங்க பொறுக்குவாங்க. கடலூர் கண்காட்சிக்கு நானே கூட்டிட்டுப் போவன். முடிஞ்சதும் கடல காட்டிக் கூட்டியாருவன். புரிஞ்சுதா?"

கடல். நம் மாவட்டத்துக்குப் பெயரே கடலூர்தான், ஆனால் நம் வகுப்பில் கடலைப் பார்த்தவர்கள் மூன்று பேர். நான் பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதனால் பள்ளிக்கூடம் எங்கே கூட்டிப் போனாலும் என் வீட்டில் அங்கே போகிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாளே அந்தப் படத்தின் கடைசி வரிசைக்காரன் ஒரு காலி பாட்டிலோடு வந்து நின்றான். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாய், உன்னைத்தான் சொல்கிறேன்.

"என்னடா இது?" என்றார் சார்.

"அளவுக்கு சார். குவார்ட்டரு. எங்கப்பாது. நாலு குவார்ட்டரு ஒரு ஃபுல்லு சார்."

"ஃபுல்லா? வா, ஒனக்கு நான் தரன் ஃபுல்லு."

அது கால் லிட்டர் இல்லை, நூற்றெண்பது மில்லி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த எண் பிற்பாடு என்னையே தேடி வரும் என்று தெரியவில்லை.

நீங்கள் எல்லோரும் மணிமுத்தாற்று மண்ணில் செய்தீர்கள். நான் கம்பெனிக்குப் பின்னால் கொட்டிக்கிடக்கும் வெள்ளை மண்ணை அள்ளி வந்து, அம்மாவின் பழைய ஸ்பாஞ்சு ஒன்றை வைத்துக்கொண்டு செய்தேன். முதல் கப்பு வெடித்தது. இரண்டாவது சிறிதாகப் போனது. மூன்றாவதைக் கொஞ்சம் உயரமாகவே செய்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, உலர்ந்த மணலைப் போட்டு அளந்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தேன். நான்கு முறை மணல் கொட்டினால் சரியாகக் கோட்டில் வந்து நிற்கும் வரை விடவில்லை. அடியில் ஆணியால் 17 என்று கீறினேன். என் வருகைப் பதிவு எண்.

வெள்ளிக்கிழமை சார் எல்லாருடைய கப்பையும் அளந்தார். என்னுடையதை இரண்டு முறை. மணல் கோட்டைத் தொட்டு நின்றது. "ஒரு சொட்டு கூடல, ஒரு சொட்டு கொறையல. இதாண்டா வேல!" என்று என் உச்சந்தலையில் தட்டினார். என் குழுத்தலைவி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவளுடையதற்கு ஐந்தாவது முறை தேவைப்பட்டிருந்தது. அவள் என் அம்மாவின் கம்பெனியில் சூளை பார்க்கும் மாமாவின் பெண். சொந்த மாமா இல்லை, ஒரே தெரு, அந்த முறையில் மாமா.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. இந்த இடத்தில்தான் என் அம்மா உதவி செய்தாள்.

சனிக்கிழமை கப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத அப்பிடியேவா எடுத்துட்டுப் போவ?" என்றாள்.

"ஆமா. சார் அளந்துட்டாரு. சரியா இருக்குது."

"அளந்தா போதுமா? பச்சையா இருக்குதுடா. ஆபீசரு வராங்கன்னு சொல்ற, வேவாத சோத்த எலையில வெக்கிற மாதிரி பச்சைய நீட்டுவியா? தண்ணி பட்டா கரைஞ்சிடும். குடு, மாமாகிட்ட சொல்றன்."

நானும் கொடுத்தேன். யாரைத் திட்டுவது? கரையாத கப்பு என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கம்பெனிச் சூளையில் சொந்தப் பொருளைச் சுடக்கூடாது. முந்தின மாதம்தான் ஓர் அக்கா தன் வீட்டுக்கு நான்கு விளக்கு சுட்டுக்கொண்டதற்கு ஓனர் அவளை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். மாமா என் கப்பைப் பளபளப்புக்கான கிளேஸில் முக்கி, ஃப்யூஸ் கேரியர்களுக்கு நடுவே ஒளித்து வைத்துச் சுட்டார். சூளை ஆறிப் பிரித்து, புதன்கிழமை, அதாவது ஆய்வு நாளன்று காலையில், கப்பு என் கைக்கு வந்தது.

அந்தக் கப்பை நீங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. சுண்டினால் மணி போல ஒலித்தது. என் விரல் அழுத்திய பள்ளம் பக்கத்தில் அப்படியே இருந்தது, அதன்மேல் கண்ணாடி ஓடியது போலப் பளபளப்பு. கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது. பளபளப்பில் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அளந்ததுதானே!

சாருக்கும் தோன்றவில்லை. "அடேங்கப்பா, சுட்டே எடுத்துட்டு வந்துட்டியா! மத்தவங்க மணல்ல காட்டட்டும். நீ தண்ணியில காட்டு" என்றார். சுட்டே எடுத்துட்டு வந்துட்டியா என்று அவர் வாயால்தான் சொன்னார். சார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி அம்மா ஊதாப்பூ சேலையில் வந்தார். பாயில் நம்மோடு உட்கார்ந்தார். சிலந்திகளை எல்லாம் பார்த்து நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றார். பிறகு என் முறை.

"நீயே செஞ்சியா தம்பி?"

"ஆமாங்க மிஸ்."

ஒரு முறை ஊற்றினேன். இரண்டு. மூன்று. வகுப்பே வாய்விட்டு எண்ணியது. நான்கு என்று கத்தியபோது தண்ணீர் பாட்டிலின் வயிற்றைத் தாண்டவில்லை. கத்தல் நின்றது. சார், "இன்னும் ஒண்ணு ஊத்து" என்றார். ஊற்றினேன். ஐந்தும் போதவில்லை. ஆறாவதில் பாதியைக் குடித்த பிறகுதான் பாட்டில் கோட்டுக்கு வந்தது.

பின்னாலிருந்து அந்தக் கடைசி வரிசைக்காரன் குரல் கொடுத்தான்: "சார், இது குவார்ட்டரு அளவு சார்!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் சத்துணவு ஆயா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார்.

சார் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், வெள்ளிக்கெழம நானே அளந்தன். சரியா இருந்துச்சி. இது அது இல்ல" என்றார். என் பக்கம் திரும்பினார். "நான் அளந்த கப்பு எங்கடா?"

"இதான் சார்."

"இது கடையில வாங்குனது. ஒடச்சிட்டியா அத? ஒடஞ்சிடுச்சின்னு சொன்னா அடிச்சிடுவனா நானு?"

"இல்ல சார், இதான் சார். அடியில பதினேழுன்னு நான்தான் சார் போட்டன்."

அவர் திருப்பிப் பார்த்தார். கிளேஸுக்குள் 17 தெளிவாகத் தெரிந்தது. "பாருங்க மேடம், கம்பெனி லாட் நம்பரு கூட இருக்குது" என்றார்.

தினமும் காலையில் அந்த எண்ணை அவரே கூப்பிடுவார், நான் உள்ளேன் ஐயா என்பேன். ஒரு வருடம் முழுக்கக் கூப்பிட்ட எண்!

அதிகாரி அம்மா என் தோளில் கை வைத்து, "பரவால்லப்பா. வாங்கினது தப்பு இல்ல, பொய் சொல்றதுதான் தப்பு" என்றார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

சூளையில் சுட்டது என்று நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமா பேரை எங்கும் எடுக்கக்கூடாது என்று அம்மா காலையில்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். "எங்கம்மாவக் கேளுங்க சார்" என்று மட்டும் சொன்னேன். கம்பெனி பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான். சார் குழுத்தலைவியை அனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அம்மா என்னைச் சேர்த்த நாளுக்குப் பிறகு பள்ளிக்குள் வந்தது அன்றுதான். வாசற்படியிலேயே நின்றாள். கையிலிருந்த வெள்ளை மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் குழுத்தலைவி மூச்சிரைத்தபடி.

"இந்தக் கப்பு எங்கேர்ந்து வந்துதும்மா? பயப்படாம சொல்லுங்க" என்றார் சார்.

சாருக்குப் பின்னால் நம் வகுப்பின் இரும்பு பீரோ. கதவில் சிவப்பு எழுத்தில் 'அன்பளிப்பு' என்று போட்டு ஓனரின் பெயர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த பீரோவை யார் கொடுத்தார் என்று தெரியும், கொடுத்த அன்று கை தட்டுவதற்குக் கம்பெனிப் பெண்களைத்தான் அழைத்து வந்து பள்ளி கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். அவள் பீரோவைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள்.

"கடையில வாங்குனது சார்" என்றாள்.

"அம்மா!" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்தக் கட?"

"கடவீதியில சார். புள்ள ஆசப்பட்டான். மன்னிச்சிக்குங்க சார்."

சார் கப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். கடலூருக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். அம்மா வேலைக்குத் திரும்பிப் போனாள். அவள் நின்ற படியில் இரண்டு வெள்ளைக் கால்தடம். "கடைக்கப்பு" என்று முதன்முதலில் சொன்னது யார் தெரியுமா? நீங்கள் யாரும் இல்லை. மணியடித்ததும் என் குழுத்தலைவிதான் உரக்கச் சொன்னாள். நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டீர்கள்.

பள்ளி விட்டதும் நேரே சூளைக்குப் போனேன். மாமா சுவர்ச் சூட்டில் சாய்ந்து உட்கார்ந்து லேட்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என் கப்ப மாத்திட்டீங்களா?" என்றேன்.

"நான் ஏன்டா மாத்துறன்?"

"அளவு கொறஞ்சிடுச்சி மாமா!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சுட்டா சுருங்குமேடா. இது கூடவா தெரியாது? பத்து வெரல் உசரம் வேணும்னா பதினோரு வெரல் உசரத்துல அச்சு போடுவாங்க. ஒங்கம்மாவக் கேளு. இந்தப் பீங்கான் எஸ்டேட்டுல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

சொல்லும்தான். என் காதிலும் விழுந்ததுதான், அதை என் கப்போடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எந்தக் குழந்தையையும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவைக் கேட்டேன். "சுருங்கும், அதுக்கென்ன?" என்றாள். "கப்பு கப்பாத்தான இருக்குது?" அவளுக்கு அது கப்பு. எனக்கு அது கால் லிட்டர். இதை அவளுக்கு விளக்குவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கி வந்து சாருகிட்ட நெசத்த சொல்லிடவா? சொன்னா ஓனரு காதுக்குப் போவும். மாமாவுக்கு வேல இருக்காது. அவரு வூட்டுல மூணு பொம்பளப் புள்ள. நீ சொல்லு. நீ சொன்னா வரன்."

பத்து வயதுப் பையனிடம் கேட்கிற கேள்வியா இது? பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவை என் மடியில் தூக்கிப் போட்டுவிட்டு அவள் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். நான் வேண்டாம் என்றேன். வேறென்ன சொல்ல? நான் சொன்ன அந்த வேண்டாமின் மேல்தான் நீங்கள் இத்தனை வருடம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இருந்தாலும் விட மனசில்லை. யார் பெயரையும் எடுக்காமல், பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டால் சாருக்கே புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் அறிவியல் வகுப்பில் எழுந்து நின்றேன்.

"சார், ஒரு டவுட்டு. மண்ண சுட்டா சுருங்கும்தான சார்?"

சார் நிதானமாகத்தான் பேசினார். "வெப்பப் பாடத்துல என்ன படிச்ச? ரயிலு தண்டவாளத்துக்கு நடுவுல ஏன் எடைவெளி வுடுறாங்க?"

"சூட்டுல விரியும்னு சார்."

"அப்ப மண்ணு மட்டும் எப்பிடி சுருங்கும்? நேத்து பண்ணது பத்தாதுன்னு இன்னிக்கி அறிவியலயே மாத்துறியா? யாராச்சும் எழுந்து அந்தப் பக்கத்தப் படிங்க."

எழுந்தது யார்? குழுத்தலைவி. சூளை பார்ப்பவரின் மகள். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கணீரென்று படித்தாள்: பொருள்களை வெப்பப்படுத்தினால் அவை விரிவடைகின்றன. அச்சுப் போடுகிறவரின் மகன் அங்கே இருந்தான். கிளேஸ் முக்குகிறவரின் பேத்தி இருந்தாள். நாற்பது பேர், பாதி வீட்டில் வெள்ளைத் தூசி. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே! எனக்குத் தெரியும், உங்களுக்கும் அந்த நிமிடத்தில் புத்தகம் சொல்வதே சரி என்று பட்டது. கம்பெனியில் சுருங்குகிறது, பள்ளிக்கூடத்தில் விரிகிறது. இரண்டும் வேறு வேறு ஊர்.

அந்த வாக்கியத்தை இருபத்தைந்து முறை எழுதி வரச் சொன்னார் சார்.

அன்று சாயங்காலம் அரசாங்கம் கொடுத்த கலர் டிவிக்கு எதிரே உட்கார்ந்து எழுதினேன். அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "ஒரே மாதிரி இருக்குதே எல்லா வரியும். என்னாடா எழுதுற?"

"சூடு பண்ணா பெருசாவும்னு."

"எது?"

"எல்லாந்தான்."

தினமும் நூற்றைம்பது பச்சையைக் கையால் தொட்டுச் சூளைக்கு அனுப்புகிறவள். அவை குறைந்து திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து அவள் விரலுக்கே அளவு தெரியும். நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை ஓட்டினாள்.

"சாரே சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப எழுது" என்றாள்.

எனக்கு இன்றுவரை யார் மேலும் வராத கோபம் அந்த இரண்டு சொல்லின் மேல் வருகிறது. 'இல்லடா, ஒங்க சாருக்குத் தெரியல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கடலையே விட்டுக்கொடுத்திருப்பேன். பதினெட்டாவது வரி எழுதும்போது நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். மாமா எதையோ மாற்றிவிட்டார் என்றே தோன்றியது. முழு ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. விரிவடையும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

கடலூருக்குக் குழுத்தலைவியும் இன்னொருவனும் போனார்கள். திரும்பி வந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஈரம் காயாத கொஞ்சம் கடல் மண்ணை என் முன் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் போகவும் இல்லை, கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றிருந்தாள். பெருமை காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்று பீரோ திறந்திருந்தது. என் கப்பில் துண்டுச் சாக்பீஸ்கள். கேட்டிருக்கலாம். கேட்டால் அது கடையில் வாங்கியது என்று மறுபடி ஒருமுறை ஒத்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்த பீரோவும் இல்லை, அந்த வகுப்பறையும் இல்லை.

பிறகு நான் நம் ஊரிலேயே செராமிக் டிப்ளமோ சேர்ந்தேன். முதல் வாரமே ஆசிரியர் போர்டில் சுருக்கத்துக்கான கணக்கை எழுதினார். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் போய்விடும். நான் நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். இருநூற்றைம்பது, நூற்றெண்பத்துச் சொச்சம் ஆனது. பூசிய கிளேஸையும் கழித்தால் சரியாகக் குவார்ட்டர். கடைசி வரிசைக்காரா, அன்றைக்கு வகுப்பில் சரியாக அளந்தவன் நீ ஒருவன்தான்.

இதை எழுதுவதற்கு முன்னால் குழுத்தலைவிக்குப் போன் செய்தேன். கம்பெனி மூடி, அந்த இடம் உரமூட்டைக் குடோன் ஆகிவிட்டது. மாமாவுக்குக் கண் புரை எடுத்திருக்கிறது, அவள் வீட்டில்தான் இருக்கிறார். இனி யார் வேலையும் போகப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதேன்டா, யாரு வேணான்னா?" என்றாள். பிறகு, "ஒண்ணு சொல்லணும், திட்டக்கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்கி ஒங்கம்மாவக் கூப்ட சாரு என்னத்தான அனுப்பினாரு? வர்ற வழியில நான்தான் அத்தை கையப் புடிச்சிக்கிட்டு அழுதன். எங்கப்பா பேர சொல்லிடாதீங்க அத்தை, கடையில வாங்குனதுன்னு சொல்லிடுங்கன்னு. நீ பொய் சொல்றன்னு திட்றாங்கன்னதும் அத்தை அதுக்கு முன்னாடி நெசத்த சொல்றதாத்தான் கெளம்புனாங்க."

அம்மா இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

"அப்ப கடைக்கப்புன்னு நீ கத்துனது?"

"எல்லாரும் அத நம்பணும்ல? அதான். அந்த மண்ணு கூட ஒனக்குன்னுதான் எடுத்தாந்தன், நீதான் மூஞ்சத் திருப்பிக்கிட்ட." அதோடு விடாமல், "ஆனா பேரு நல்லாத்தான்டா இருக்குது. அத மட்டும் மாத்த மாட்டன்" என்றாள்.

ஆக இதுதான் நடந்தது. உங்களில் யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால், வெள்ளை மண்ணில் ஒரு கப்பு செய்து அளந்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள். சுட ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், இங்கே நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் அனுமதி கேட்டே சுட்டுத் தருகிறேன்.

சார், நீங்களும் இதுவரை படித்திருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய், பொய் சொல்வதுதான் தப்பு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்பு எதுவும் வேண்டாம். நாளைக் காலையில் ரோஜாப்பூவுக்குப் பதிலாகக் குழுவில் ஒரு வரி எழுதுங்கள்: பதினேழாம் எண் செய்த கப்பு, சுட்டதால் சுருங்கியது.

இருபத்தைந்து முறை வேண்டாம் சார். ஒரு முறை போதும்.